நிலக்கடலை வறுத்தல்

நிலக்கடலை வறுத்தல் என்பது உலர்ந்த நிலக்கடலையை ஓட்டுடனோ, ஓடு நீக்கிய பருப்பாகவோ எண்ணெயின்றிச் சூடாக்கி, அதிலுள்ள ஈரத்தைக் குறைத்து, மணமும் மொறுமொறுப்பும் பெறச் செய்யும் சமையல் முறை ஆகும். தின்பண்டமாக உண்பதற்கும், சட்னி, துவையல், பொடி, உருண்டை போன்றவற்றைச் செய்வதற்கும் நிலக்கடலை வீடுகளில் வறுக்கப்படுகிறது. புதுச்சேரியின் ஊரகப் பகுதிகளான வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களிலும், அவற்றைச் சூழ்ந்துள்ள விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் நிலக்கடலை நெடுங்காலமாகப் பயிரிடப்படுகிறது. எனவே இப்பகுதியில் கடலை வறுத்தல் வயல், களம், அடுக்களை ஆகிய மூன்றையும் இணைக்கும் வேலையாக இருந்துவருகிறது.

வறுத்தலின் அடிப்படை ஈரத்தை நீக்குவதாகும். ஆனால் வறுப்பதற்கு முன்பே ஈரத்தால் பூஞ்சை பிடித்துக் கெட்ட கடலையை வறுத்துச் சீராக்க இயலாது. பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வீட்டு அடுப்பின் வெப்பத்தில் முழுமையாக அழிவதில்லை. ஆகையால் கடலையைப் பொறுக்கித் தேர்வு செய்வது வறுத்தலின் முதல் படியாகக் கருதப்படுகிறது.

பெயர்கள்

நிலக்கடலை தமிழ் வழங்கும் இடங்களில் பல பெயர்களால் அழைக்கப்படுகிறது. வேர்க்கடலை, நிலக்கடலை, கடலைக்காய் என்பன பரவலானவை. இலங்கையில் கச்சான் என்பர். இது மலாய் மொழியின் கச்சாங் என்ற சொல்லோடு தொடர்புடையது. புதுச்சேரியிலும் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியிலும் மணிலாக்கொட்டை, மணிலா, மல்லாட்டை ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. மணிலாக்கொட்டை என்பது பேச்சில் மருவி மல்லாட்டை ஆயிற்று. பிலிப்பைன்சு நாட்டின் மணிலா நகரின் பெயர் இதில் அமைந்துள்ளது.

கடைகளில் கடலை என்ற சொல் குழப்பம் தரக்கூடியது. பொட்டுக்கடலை அல்லது உடைத்தகடலை என்பது கொண்டைக்கடலையை வறுத்து உடைத்துப் பெறப்படுவது. அது நிலக்கடலை அன்று. வறுகடலை என்ற பெயர் சில ஊர்களில் வறுத்த கொண்டைக்கடலையையும், வேறு சில ஊர்களில் வறுத்த நிலக்கடலையையும் குறிக்கும்.

தாவரவியல்படி நிலக்கடலை கொட்டை வகையைச் சேர்ந்ததும் அன்று. அவரை, துவரை, உளுந்து ஆகியவற்றைப் போல இதுவும் இருபுற வெடிகனி தரும் பயறுக் குடும்பச் செடியாகும். பூ நிலத்துக்கு மேலே பூக்கிறது. சூலுற்ற பின் அதன் அடிப்பகுதி முளைபோல நீண்டு மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது. இந்த முளையை உழவர்கள் விழுது என்பர். எண்ணெய் மிகுதியாக இருப்பதாலும், வறுத்துத் தின்னப்படுவதாலும் சமையலில் இது முந்திரி, பாதாம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறது.

வரலாறு

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியக் கடலோடிகள் வழியாக 16ஆம் நூற்றாண்டு முதல் இது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவியது. மெக்சிக்கோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை எசுப்பானியக் கப்பல்கள் சென்றுவந்தன. அமெரிக்கப் பயிர்கள் ஆசியாவுக்கு வந்த வழிகளில் இதுவும் ஒன்று. மணிலாக்கொட்டை என்ற பெயர் இந்த வழியைச் சுட்டுவதாகக் கொள்ளலாம்.

19ஆம் நூற்றாண்டில் நிலக்கடலை புதுச்சேரியின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்றாயிற்று. பிரான்சின் மார்சேய் நகரில் எண்ணெய் ஆலைகளும் சவர்க்கார ஆலைகளும் பெருகியிருந்தன. அவற்றுக்கு வேண்டிய எண்ணெய்வித்துகளை மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலும் பிரெஞ்சிந்தியாவும் அனுப்பின. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதால் கடற்பயணம் சுருங்கியது. 1879இல் விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைக்கும் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. வில்லியனூர் இப்பாதையில் அமைந்த நிலையம் ஆகும். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தென்னார்க்காட்டில் விளைந்த மணிலா, இவ்வழியாகப் பிரெஞ்சுத் துறைமுகத்தை அடைந்தது.

அக்காலத்திலேயே ஈரம் இவ்வணிகத்தின் பெரும் சிக்கலாக இருந்தது. ஓட்டைக் கையால் எளிதில் உடைப்பதற்காகக் காய்களை நீரில் நனைக்கும் வழக்கம் சென்னை மாகாணத்தில் இருந்தது. நனைத்து உடைத்த பருப்பு, நீண்ட கடற்பயணத்தில் பூஞ்சை பிடித்து, எண்ணெய் சிக்கடித்து, மதிப்பிழந்தது. நனைக்காமல் பொறியால் உடைத்த பருப்புக்கு நல்ல விலை கிடைத்தது. உடைப்பதற்கு முன் காயை நனைக்கலாகாது என்ற அறிவுரை இன்றும் உழவர்களுக்குக் கூறப்படுகிறது.

புதுச்சேரிக்கு வடமேற்கே உள்ள திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. இங்கு உருவாக்கப்பட்ட வகைகள் டி.எம்.வி. என்ற எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. 1940இல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 பல மாநிலங்களில் பரவலாகப் பயிரிடப்பட்டது. விருத்தாச்சலம் ஆராய்ச்சி நிலையத்தின் வகைகள் வி.ஆர்.ஐ. என்று தொடங்குகின்றன. இவற்றுள் பல, சிறிய பருப்புடைய கொத்து வகைகள் ஆகும். சிறிய பருப்பு பெரிய பருப்பை விட விரைவாக வறுபடும். எனவே இருவேறு அளவுள்ள கடலையை ஒன்றாக வறுக்கும்போது சிறியவை கருகும், பெரியவை வேகாமல் நிற்கும்.

அறுவடையும் உலர்த்தலும்

இப்பகுதியில் நிலக்கடலை இரு பருவங்களில் விளைகிறது. மானாவாரிப் பயிர் ஆடியில் விதைக்கப்பட்டு ஐப்பசியை ஒட்டிப் பிடுங்கப்படும். நீர்ப்பாசனமுள்ள நிலங்களில் மார்கழி, தை மாதங்களில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் பிடுங்குவர். புதுச்சேரியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது. ஆகவே மானாவாரிக் கடலை களத்துக்கு வரும் நாளும் மழை தொடங்கும் நாளும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்துவிடுகின்றன. கோடையில் பிடுங்கும் கடலைக்கு இந்த இடர் குறைவு.

மண்ணிலிருந்து பிடுங்கிய காயில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர் இருக்கும். இதனை 8 விழுக்காடு அளவுக்கு உலர்த்தினால்தான் பாதுகாப்பாகச் சேமிக்கலாம். இடையில் உள்ள நாட்களே பூஞ்சை வளர ஏற்றவை. செடிகளைக் காய் மேல்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து வைத்தல், காய்களைப் பறித்தபின் மெல்லிய பரப்பாகக் காயவைத்தல், இரவில் பனி படாமல் மூடுதல் ஆகியன வழக்கமான காப்பு முறைகள். நன்கு உலர்ந்த காயைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பருப்பு உருளும் ஓசை கேட்கும். பருப்பின் உள்தோலைத் தேய்த்தால் எளிதில் உரியும்.

பிடுங்கிய உடன் உள்ள பச்சைக் கடலை வறுப்பதற்கு ஏற்றதன்று. அதனை உப்பிட்டு அவித்து உண்பர். அவித்த மல்லாட்டை, அறுவடைக் காலத்தில் இப்பகுதியின் சாலையோரங்களிலும் பேருந்து நிலையங்களிலும் விற்கப்படும் தின்பண்டம் ஆகும்.

பொறுக்குதல்

அசுபர்சில்லசு பிளேவசு, அசுபர்சில்லசு பாரசிட்டிக்கசு ஆகிய பூஞ்சைகள் நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் போன்றவற்றில் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சுகளை உண்டாக்குகின்றன. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன. பிரேசிலில் இருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனமே காரணம் என ஆய்வில் தெரியவந்தது. அதன் வழியாகவே இந்நச்சு கண்டறியப்பட்டது. 1974இல் இராசத்தான், குசராத்து மாநிலங்களின் எல்லையோர ஊர்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டதால் 397 பேர் கல்லீரல் நோயுற்றனர். அவர்களில் 106 பேர் இறந்தனர். சிறிய அளவில் நெடுங்காலம் உட்கொண்டால் கல்லீரல் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அஃப்ளாடாக்சின்களை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்துள்ளது.

இந்நச்சுக்குச் சுவையோ மணமோ இல்லை. வறுக்கும்போது ஒரு பகுதி சிதைந்தாலும் எஞ்சியது அப்படியே இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, உண்பதற்கு ஆயத்தமான கொட்டைகளில் மொத்த அஃப்ளாடாக்சின் கிலோகிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்கும், மேலும் பதப்படுத்த வேண்டியவற்றில் 15 மைக்ரோகிராமுக்கும் மிகக்கூடாது. இவ்வளவு நுண்ணிய அளவை வீட்டில் அளக்க இயலாது. ஆயினும் நச்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. கெட்ட சில பருப்புகளிலேயே அதன் பெரும்பகுதி செறிந்திருக்கும். ஆகவே அவற்றை நீக்கினால் ஆபத்து பெருமளவு குறைகிறது.

வறுப்பதற்கு முன் கடலையை முறத்தில் பரப்பி, வெளிச்சத்தில் பின்வருவனவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும்:

- பச்சை, மஞ்சள், சாம்பல் நிறப் பூஞ்சைத் தூள் படிந்தவை
- சுருங்கியவை, முற்றாதவை
- உள்தோல் கறுத்தவை அல்லது இயல்பான நிறம் மாறியவை
- பூச்சி அரித்தவை, துளை உள்ளவை
- முளை விட்டவை
- உடைந்து நிறம் மாறியவை

உள்தோல் உரித்த பின்னும் ஒருமுறை பார்ப்பது நல்லது. தோலுக்கு அடியில் இருந்த பழுப்புக் கறைகள் அப்போது வெளித்தெரியும். வாயிலிட்டதும் கசப்பது பெரும்பாலும் கருகிய பருப்போ, சிக்கடித்த பருப்போ, பூஞ்சை பிடித்த பருப்போ ஆகும். எதுவாயினும் விழுங்காமல் துப்பிவிட வேண்டும். கழித்த பருப்பைக் கறவை மாட்டுக்குத் தீவனமாக இடலாகாது. ஏனெனில் மாடு உண்ட நச்சின் ஒரு பகுதி, மாற்றுருவில் பாலில் வெளிப்படுகிறது.

வறுக்கும்போது நிகழும் மாற்றங்கள்

வறுபடும் கடலையில் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன.

முதலாவது, நீர் ஆவியாதல். உலர்ந்த பருப்பில் எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை ஈரம் இருக்கும். வறுத்தபின் இது 2 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்குகிறது. நீர் இருக்கும்வரை பருப்பின் வெப்பநிலை அதிகம் உயர்வதில்லை. அடுப்பில் தொடக்க நிமிடங்களில் எந்த மாற்றமும் தெரியாமல் இருப்பது இதனால்தான். இக்கட்டத்தில் பொறுமையிழந்து தீயைக் கூட்டினால், உட்பகுதி உலர்வதற்கு முன் வெளிப்பகுதி கருகிவிடும்.

இரண்டாவது, நிறமும் மணமும் தோன்றுதல். ஈரம் நீங்கியபின் பருப்பின் வெப்பநிலை விரைவாக ஏறுகிறது. ஏறத்தாழ 140 பாகை செல்சியசை ஒட்டி, புரதங்களின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிகின்றன. இது மெயிலார்டு வினை எனப்படும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமியு மெயிலார்டு 1912இல் இதனை விளக்கினார். பாண் மேலோட்டின் பொன்னிறம், தோசையின் முறுகல், வறுத்த காப்பிக்கொட்டையின் மணம் ஆகியவற்றிலும் இவ்வினைக்குப் பங்குண்டு. வறுத்த கடலைக்கே உரிய மணத்தைத் தருபவை இவ்வினையில் உருவாகும் பைரசீன் சேர்மங்கள் ஆகும்.

மூன்றாவது, ஆறும்போது இறுகுதல். அடுப்பிலிருந்து எடுத்த சூடான பருப்பு மென்மையாகவே இருக்கும். ஆறிய பின்னரே அது மொறுமொறுப்பாகிறது. எனவே சூடான பருப்பைக் கடித்துப் பார்த்து, இன்னும் மென்மையாக உள்ளதே என்று மேலும் வறுப்பவர்கள் அதனைக் கருக்கிவிடுகின்றனர். அடுப்பை அணைத்த பின்பும் பாத்திரத்தின் சூட்டிலும் பருப்பின் உட்சூட்டிலும் வறுத்தல் சில நிமிடங்கள் தொடர்கிறது. ஆகவே வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே இறக்க வேண்டும்.

வீட்டு முறைகள்

வாணலியில் வறுத்தல்

பருப்பை எண்ணெயின்றி வறுக்கும் எளிய முறை இது. அடிகனத்த இரும்பு வாணலி ஏற்றது. மெல்லிய பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் மிகச் சூடாகிப் புள்ளிபுள்ளியாகக் கருகும். பழைய வீடுகளில் இதற்கென வறையோடு எனப்படும் மண்பாத்திரம் இருந்தது. மண்பாத்திரம் மெதுவாகச் சூடேறி, மெதுவாக ஆறும். களிமண் வேலைக்குப் பெயர்பெற்ற வில்லியனூரின் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது.

250 கிராம் பருப்பை வறுக்கும் முறை:

1. பருப்பைப் பொறுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். கழுவினால் நிழலில் முழுவதும் உலரவிட வேண்டும்.
2. வாணலியை மிதமான தீயில் சூடாக்கி, பருப்பை இட வேண்டும். பருப்பு ஒன்று அல்லது இரண்டு அடுக்குக்கு மேல் இருக்கலாகாது.
3. தீயைக் குறைத்து, இடைவிடாமல் கிளற வேண்டும். சிறிய பருப்புக்கு ஏறத்தாழ 10 முதல் 12 நிமிடங்கள் ஆகும்.
4. உள்தோல் வெடிக்கும் ஓசை கேட்கத் தொடங்கியபின் ஒரு பருப்பை எடுத்து, ஆறவிட்டு, இரண்டாகப் பிளந்து பார்க்க வேண்டும்.
5. உட்புறம் வெளிர் பொன்னிறமானதும் உடனே அகன்ற தட்டிலோ முறத்திலோ கொட்டிப் பரப்ப வேண்டும். சூடான வாணலியில் விட்டுவைக்கலாகாது.
6. முழுதும் ஆறியபின் உள்ளங்கைகளால் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கலாம்.

உப்புக்கடலை வேண்டுமாயின், ஒரு தேக்கரண்டி உப்பை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்துப் பருப்பில் பிசறி, கால் மணிநேரம் உலரவிட்டு வறுக்க வேண்டும். நீர் வற்ற வேண்டியிருப்பதால் சில நிமிடங்கள் கூடுதலாகும்.

மணலில் வறுத்தல்

ஓட்டுடன் கூடிய காயை வறுக்க மணல் பயன்படுகிறது. உருண்டு திரண்ட காய், வாணலியின் பரப்பை ஒரு முனையில் மட்டுமே தொடும். சூடான மணலோ காயை எல்லாப் பக்கமும் சூழ்ந்து வெப்பத்தைச் சீராகச் செலுத்துகிறது. ஆற்று மணலைச் சல்லடையில் சலித்து, கழுவி, காயவைத்துப் பயன்படுத்துவர். மணலைக் கைபொறுக்காத சூடு வரும்வரை காய்ச்சி, காய்களை இட்டு, மணலில் புதையும்படி கிளற வேண்டும். காயின் அளவைப் பொறுத்து 15 முதல் 20 நிமிடங்கள் ஆகலாம். பின்னர் சல்லடையில் கொட்டி மணலைப் பிரிப்பர். மணலை ஆறவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். தள்ளுவண்டிக் கடலை வணிகர் பின்பற்றுவதும் இம்முறையே.

ஓடு நீக்கிய பருப்பை மணலில் வறுத்தால் துகள் ஒட்டும் வாய்ப்பு உண்டு. அதற்கு மணலுக்கு மாற்றாகக் கல்லுப்பைப் பயன்படுத்தலாம். இந்த உப்பையும் பலமுறை வறுக்கப் பயன்படுத்த இயலும், சமையலுக்குப் பயன்படுத்துவதில்லை.

மின்னடுப்புகளில் வறுத்தல்

ஓவன் எனப்படும் வெப்ப அடுப்பை 160 முதல் 170 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, தட்டில் ஒரே அடுக்காகப் பருப்பைப் பரப்பி, 15 முதல் 20 நிமிடங்கள் வறுக்கலாம். இடையில் இருமுறை கிளற வேண்டும்.

நுண்ணலை அடுப்பு பருப்பின் உள்ளிருந்து நீரைச் சூடாக்குவதால் வெளித்தோற்றத்தில் மாற்றம் தெரியாமலே உட்புறம் கருகக்கூடும். எனவே 100 கிராம் அளவில், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறி, மொத்தம் மூன்று அல்லது நான்கு நிமிடங்கள் வறுப்பது வழக்கம். அடுப்பின் ஆற்றலைப் பொறுத்து நேரம் மாறும்.

பதம்

வறுத்த பருப்பின் பதத்தைக் காலத்தால் மட்டும் கணிக்க இயலாது. கடலையின் ஈரம், அளவு, பாத்திரம், தீ ஆகிய அனைத்தும் அதனை மாற்றும். நிறமும் மணமும் நம்பத்தக்க அடையாளங்கள்.

- இளம் பதம்: உட்புறம் பாலேட்டின் நிறம், மணம் சிறிதளவு. மீண்டும் எண்ணெயில் தாளிக்கப்படும் புளியோதரை, எலுமிச்சைச் சோறு போன்றவற்றுக்கு ஏற்றது.
- நடுப்பதம்: உட்புறம் வெளிர் பொன்னிறம், தோல் தொட்டவுடன் உரியும். தின்பதற்கும் சட்னி, பொடி, உருண்டை ஆகியவற்றுக்கும் ஏற்றது.
- முறுகிய பதம்: உட்புறம் பழுப்பு, மணம் மிகுதி, கசப்பு தொடங்கும். நெடுநாள் சேமிக்க ஏற்றதன்று.
- கருகல்: உட்புறம் கரும்பழுப்பு, கசப்பு மட்டுமே எஞ்சும். உண்ணத் தகாதது.

மிகுதியாக வறுத்த உணவுகளில் அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத சேர்மம் உருவாவது 2002இல் சுவீடனில் அறிவிக்கப்பட்டது. நிறம் கருமையாகும்வரை வறுக்காமல் இருப்பது இதனைக் குறைக்கும் வழியாகும்.

பிற கொட்டைகள்

பாகூருக்குத் தெற்கிலும் மேற்கிலும் பரவியுள்ள கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி முந்திரிக்குப் பெயர்பெற்றது. முந்திரிப் பருப்பில் சர்க்கரை மிகுதியாதலால் நிலக்கடலையை விட விரைவில் சிவக்கும். பொங்கல், பாயசம் ஆகியவற்றுக்கு நெய்யில் ஒன்று அல்லது இரண்டு நிமிடங்கள் வறுத்தால் போதும்.

ஆனால் ஓட்டுடன் உள்ள முந்திரிக்கொட்டையை வீட்டுக்குள் வறுக்கலாகாது. அதன் ஓட்டில் அனகார்டிக் அமிலம், கார்டால் ஆகியன அடங்கிய அரிக்கும் எண்ணெய் உள்ளது. இது தோலில் பட்டால் கொப்புளம் உண்டாகும். சூடானால் தெறித்துத் தீப்பற்றும். அதன் புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும். முந்திரித் தோப்புகளில் கொட்டையைத் திறந்த வெளியில் தீயிலிட்டுச் சுடுவதற்கு இதுவே காரணம். கடைகளில் வாங்கும் முந்திரிப் பருப்பு ஏற்கெனவே சூடேற்றி ஓடு நீக்கப்பட்டது.

பாதாம் பருப்பை வாணலியில் குறைந்த தீயில் 8 முதல் 10 நிமிடங்கள் வறுக்கலாம். வெவ்வேறு வகைகளைத் தனித்தனியே வறுத்துப் பின்னர் கலக்க வேண்டும்.

சமையலில் பயன்பாடு

வறுத்த நிலக்கடலையை மிளகாய், புளி, பூண்டு, உப்பு சேர்த்து அரைத்தால் கடலைச் சட்னியாகும். நீர் குறைத்து அரைத்தால் துவையல். காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்தால் இட்டலிக்கும் சோற்றுக்கும் ஏற்ற பொடி. வெல்லப் பாகில் பிடித்தால் கடலை உருண்டை; தட்டிப் பரப்பினால் கடலைமிட்டாய். தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது.

அரைக்க வேண்டிய கடலையை முழுவதும் ஆறவிட வேண்டும். சூடாக அரைத்தால் எண்ணெய் பிரிந்து பொடி கட்டியாகும். பொடிக்காக அரைக்கும்போது அரைப்பானை விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். மாறாக, கடலை வெண்ணெய் செய்வதற்கு எண்ணெய் பிரியும்வரை தொடர்ந்து அரைக்கப்படுகிறது.

சேமிப்பு

நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய் ஆகும். வறுத்தபின் இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிசனோடு எளிதில் வினைபுரிந்து சிக்கு நாற்றம் பெறுகிறது. ஓட்டுடன் உள்ள வறுக்காத கடலை, உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கெடாது. வறுத்த பருப்பு காற்றுப் புகாத கொள்கலத்தில் இரண்டு முதல் மூன்று வாரங்கள் நன்றாக இருக்கும். குளிர்பெட்டியில் மேலும் சில வாரங்கள் வைத்திருக்கலாம். ஆறுவதற்கு முன் மூடிவைத்தால் நீராவி படிந்து பருப்பு நமுத்துவிடும். கடற்கரையை அடுத்த புதுச்சேரிப் பகுதியில் காற்றின் ஈரப்பதம் மிகுதியாதலால் திறந்துவைத்த கடலை ஓரிரு நாட்களிலேயே நமுக்கும். நமுத்த கடலையை, நாற்றமில்லையெனில், குறைந்த தீயில் சில நிமிடங்கள் சூடாக்கி மீண்டும் மொறுமொறுப்பாக்கலாம். சிக்கடித்த கடலைக்கு இம்முறை பயன்படாது.

ஒரு மாதத் தேவையை ஒரே நேரத்தில் வறுப்பதை விட, கடலையை ஓட்டுடன் சேமித்து, வாரத் தேவைக்கு உடைத்து வறுப்பது சுவைக்கும் பாதுகாப்புக்கும் ஏற்றது.

ஊட்டமும் எச்சரிக்கைகளும்

100 கிராம் நிலக்கடலைப் பருப்பில் ஏறத்தாழ 26 கிராம் புரதமும், 49 கிராம் கொழுப்பும், 16 கிராம் மாவுச்சத்தும் உள்ளன. இதன் ஆற்றல் ஏறத்தாழ 567 கிலோகலோரி. ஒரு கைப்பிடி அளவான 30 கிராம் பருப்பு 170 கிலோகலோரி தருகிறது. வறுப்பதால் புரதமும் கொழுப்பும் பெரிதும் மாறுவதில்லை. வெப்பத்தில் சிதையும் உயிர்ச்சத்து பி1 கணிசமாகக் குறைகிறது.

நிலக்கடலை சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கும். வறுப்பதால் இத்தன்மை நீங்குவதில்லை. உலர் வெப்பத்தில் வறுத்த கடலை, அவித்த கடலையை விட வலுவான ஒவ்வாமையைத் தூண்டக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன. கடலை உண்டபின் உடல் தடித்தல், முகவீக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பைத் தரலாகாது. இந்தியாவில் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கும் பொருள்களுள் நிலக்கடலை முதன்மையானது. பின்பற்கள் முழுமையாக முளைக்காத குழந்தையால் மொறுமொறுப்பான பருப்பை நன்கு அரைக்க இயலாது. சிரிக்கும்போதோ ஓடும்போதோ பருப்பின் துண்டு மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். அங்கு ஈரத்தை உறிஞ்சி ஊதி, மூச்சை அடைக்கும். கடலை தின்றபின் குழந்தைக்குத் திடீரெனத் தொடங்கிய இருமல் நின்றுவிட்டாலும், பின்னர் இளைப்போ மூச்சொலியோ தோன்றினால் மருத்துவரிடம் கடலை தின்றதைக் கூற வேண்டும். வறுத்த கடலையைப் பொடியாகவோ, மைய அரைத்த சட்னியாகவோ உணவில் கலந்து கொடுப்பது சிறு குழந்தைகளுக்கு ஏற்ற வழியாகும்.